சந்தை போனது, காசோலை வந்தது

2018 ஜூலை 6. சீனாவின் தாலியன் துறைமுகத்தை நோக்கி 'பீக் பெகாசஸ்' என்ற சரக்குக் கப்பல் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 70,000 டன் அமெரிக்க சோயா. சியாட்டிலிலிருந்து கிளம்பி நான்கு வாரம் ஆகியிருந்தது. அன்று நண்பகல் முதல் அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி என்று சீனா அறிவித்திருந்ததால், அதற்குள் கரை சேர்ந்தாக வேண்டும். கப்பல் எங்கே வந்திருக்கிறது என்று சீனச் சமூக ஊடகங்களில் ஏராளமானோர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில மணி நேரத்தில் தவறிவிட்டது. சுமார் 2 கோடி டாலர் மதிப்புள்ள சரக்குக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வரி கட்ட வேண்டிய நிலை. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கப்பல் ஒரு மாதத்துக்கும் மேலாக மஞ்சள் கடலில் வட்டமடித்தது. ஆகஸ்டில்தான் சரக்கை இறக்கினார்கள்.

கப்பலாவது எப்படியோ கரை சேர்ந்தது. அந்த சோயாவை விளைவித்தவர்களின் அடுத்த அறுவடையை வாங்க ஆள் இல்லாமல் போனது. அவர்களைச் சமாதானப்படுத்த அமெரிக்க அரசு இரண்டே ஆண்டுகளில் சுமார் 2,300 கோடி டாலரை நேரடியாகக் கொடுத்தது. 2025இல் அதே கதை திரும்பவும் நடந்தது. ஏதோ ஒரு நாட்டின் விவசாயிகளுக்கு அவர்கள் அரசு பணம் கொடுத்தால் நமக்கென்ன என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் நஷ்டத்தை எப்படி அளக்கிறார்கள், அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது, போன சந்தை திரும்புகிறதா என்ற கேள்விகள் நிவாரணம் வாங்கிப் பழகிய எந்த ஊர் விவசாயிக்கும் சொந்தமானவை.

ஏன் சோயா?

சீனா உலகச் சந்தையில் விற்பனைக்கு வரும் சோயாவில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தை ஒற்றை நாடாக வாங்குகிறது. அதில் பெரும்பகுதி நேராகச் சாப்பாட்டுக்குப் போவதில்லை. ஆலையில் ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்குதான் அங்கே முக்கியம். கோடிக்கணக்கான பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் அதுதான் தீவனம். 2017இல் அமெரிக்கா சீனாவுக்கு விற்ற சோயாவின் மதிப்பு சுமார் 1,220 கோடி டாலர். மறு ஆண்டு அது 310 கோடியாகச் சரிந்தது.

2018 மார்ச்சில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் டிரம்ப் அரசு வரி போட்டது. ஏப்ரலில் சீனா பன்றி இறைச்சி, பழங்கள், கொட்டை வகைகள் மீது பதில் வரி போட்டது. ஜூலையில் 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா வரி விதித்ததும், அதே மதிப்புக்குச் சீனா பதிலடி கொடுத்தது. அந்தப் பட்டியலில் முன்னால் நின்றது சோயா. எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்துத்தான் அடித்தார்கள். ஐயோவா, இல்லினாய், கான்சஸ், வடக்கு டகோட்டா போன்ற விவசாய மாநிலங்களில் விலை விழுந்தால் அது வாஷிங்டன் வரை கேட்கும்.

சிகாகோ சந்தையில் மே மாத இறுதியில் ஒரு புஷல் சோயா பத்து டாலருக்கு மேல் விலைபோனது. ஒரு புஷல் என்பது 27 கிலோவுக்குச் சற்று மேல். ஜூலை நடுவில் அது எட்டரை டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த ஆண்டு விளைச்சலும் அமோகம் என்பதால் வீழ்ச்சி முழுவதையும் வரியின் தலையில் கட்ட முடியாது. இருந்தாலும் பெரும் காரணம் அதுதான்.

ஆனால் தொலைக்காட்சியில் ஓடும் சிகாகோ விலை விவசாயியின் கைக்கு வரும் விலை அல்ல. விருதுநகர் சந்தை விலை வேறு, ஊருக்கே வந்து எடுக்கும் வியாபாரி தரும் விலை வேறு என்று நமக்குத் தெரியுமே, அதேதான் அங்கேயும். வடக்கு டகோட்டா சோயாவின் பெரும்பகுதி ரயிலேறி மேற்கே பசிபிக் கரைத் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிச் சீனாவுக்குப் போகும். சீனா வாங்குவதை நிறுத்தியதும் அந்த ரயில் பாதைக்கே வேலை இல்லாமல் போனது. தெற்கே மிசிசிப்பி ஆற்றுப் படகுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் விவசாயிக்கு மெக்சிகோவோ ஐரோப்பாவோ மாற்றுச் சந்தையாக இருந்தது. வடக்கே இருப்பவருக்கு அந்த வழியும் தூரம். அதனால் அங்கே உள்ளூர் விலை சிகாகோ விலையைவிட அதிகமாக விழுந்தது. கிடங்குகள் நிறைந்தன. சிலர் வயலிலேயே ஆள் உயரத்துக்கு, நூறு மீட்டர் நீளம் வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் பைகளில் சோயாவை அடைத்துப் பாம்புபோலக் கிடத்திவைத்தார்கள். அறுவடை நேரத்து மழையில் ஈரம் ஏறிய மணியை அப்படி வைத்திருப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று நெல்லைக் குவித்துவைத்து வானம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாடாளுமன்றம் போகாத பணம்

2018 ஜூலை 24 அன்று வேளாண் துறைச் செயலர் சன்னி பெர்டியூ 1,200 கோடி டாலர் வரை உதவி என்று அறிவித்தார். அன்றைய மதிப்பில் சுமார் 82,000 கோடி ரூபாய். இதில் மூன்று கூறுகள். தேங்கிய உணவுப் பொருட்களை அரசே வாங்கி உணவு வங்கிகளுக்குக் கொடுப்பதற்கு 120 கோடி டாலர், புதிய சந்தைகளைத் தேடுவதற்கு 20 கோடி டாலர். மிச்சமெல்லாம் 'மார்க்கெட் ஃபெசிலிடேஷன் புரோகிராம்' என்ற பெயரில் விவசாயிகளின் கைக்கே போகும் நேரடிப் பணம்.

இவ்வளவு பெரிய தொகையை அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பே இல்லாமல் எப்படி ஒதுக்க முடிந்தது? 1933இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், ரூஸ்வெல்ட் அரசு கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியது. விளைபொருள் விலையைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. அமெரிக்கக் கருவூலத்திடமிருந்து 3,000 கோடி டாலர் வரை கடன் வாங்கிக்கொள்ள அதற்கு நிரந்தர அனுமதி உண்டு. கடன் தீர்ந்ததும் நாடாளுமன்றம் நிரப்பிவிடும். அந்தப் பழைய கதவைத் திறந்துதான் பணம் வெளியே வந்தது. ஒரு வணிகச் சண்டையின் விலையை மக்கள் பிரதிநிதிகள் முன்கூட்டியே விவாதித்து ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் விவாதமே நடக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது. உதவி தேவையா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

ஒரு சென்ட் சோளம்

நஷ்டத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

2018இல் விளைச்சலின் அளவுக்கு உதவி என்று வைத்தார்கள். சோயா ஒரு புஷலுக்கு 1.65 டாலர். கோதுமைக்கு 14 சென்ட். பருத்தி ஒரு பவுண்டுக்கு 6 சென்ட். பன்றி ஒன்றுக்கு 8 டாலர். நூறு பவுண்டு பாலுக்கு 12 சென்ட். மக்காச்சோளத்துக்கு (இங்கே சோளம் என்று சொல்வதெல்லாம் அதுதான்)? ஒரு புஷலுக்கு ஒரு சென்ட்.

ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அங்கே அது பெரிய பண்ணையார் கணக்கு அல்ல, சாதாரணம். ஏக்கருக்கு 50 புஷல் சோயா எடுத்தால் அவருக்கு 82,500 டாலர் கிடைக்கும். பக்கத்து வயல்காரர் அதே ஆயிரம் ஏக்கரில் சோளம் போட்டு ஏக்கருக்கு 175 புஷல் எடுத்திருந்தால் அவர் கைக்கு வருவது 1,750 டாலர். சோயா விலை விழுந்தபோது சோள விலையும் சேர்ந்துதான் விழுந்தது. தங்களுக்குப் புஷலுக்கு 44 சென்ட் நஷ்டம் என்று சோள விவசாயிகள் சங்கம் கணக்குக் காட்டியது. துறையின் பதில் எளிமையானது: சீனா உங்களிடம் சோளம் பெரிதாக வாங்கியதே இல்லை, ஆகவே அந்த வரியால் உங்களுக்கு நேரடி நஷ்டம் இல்லை. சூத்திரம் அளந்தது அறுந்துபோன ஏற்றுமதியை மட்டும்தான். ஒரு பயிரின் விலை இன்னொன்றை இழுத்துக்கொண்டு விழுவது அதன் கண்ணில் படவில்லை.

விளைச்சலுக்குத்தான் உதவி என்பதால் இன்னொரு கொடுமையும் நடந்தது. அந்த ஆண்டு மிசௌரியில் வறட்சி. விளைச்சல் பொய்த்தவருக்கு உதவியும் பொய்த்தது. நன்றாக விளைந்தவருக்கு அதிகப் பணம், காய்ந்துபோனவருக்குக் குறைந்த பணம்.

2019 மே மாதம் பேச்சுவார்த்தை முறிந்து, 20,000 கோடி டாலர் சீனப் பொருட்கள் மீதான வரி 10 சதவீதத்திலிருந்து 25 ஆனது. உடனே இரண்டாவது உதவி, 1,600 கோடி டாலர். இம்முறை முறையை மாற்றினார்கள். பயிர்வாரி விகிதம் இல்லை. ஒவ்வொரு கவுண்டிக்கும், நம் தாலுகாவைப்போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஏக்கர் விகிதம். பட்டியலில் உள்ள எந்தப் பயிரைப் போட்டாலும் அந்த விகிதம்தான். ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை. உதவியைப் பார்த்து விவசாயி பயிரை மாற்றிவிடக் கூடாது என்பது நோக்கம். அதில் நியாயம் உண்டு.

ஆனால் அந்தக் கவுண்டி விகிதத்தைக் கணக்கிட உள்ளே பயன்படுத்திய பயிர் விகிதங்களைப் பாருங்கள். சோயா 1.65இலிருந்து 2.05 டாலர் ஆனது. கோதுமை 14இலிருந்து 41 சென்ட். பருத்தி 6இலிருந்து 26 சென்ட். ஒரு சென்ட் வாங்கிய சோளம் 14 சென்ட் ஆனது. ஒரு வருடத்தில் சோளத்தின் நஷ்டம் பதினான்கு மடங்கு ஆகிவிட்டதா? இல்லை. ஒப்பிடும் காலத்தை நீட்டி, கடந்த பத்தாண்டு வணிகத்தையும் கணக்கில் எடுத்தார்கள். அந்தப் பத்தாண்டில் சீனா பருத்தியையும் சோளத்தையும் அதிகமாக வாங்கிய சில ஆண்டுகள் இருந்தன. அந்தப் பழைய உச்சத்தோடு ஒப்பிட்டதும் நஷ்டம் பெரிதாகிவிட்டது. பருத்தி விளையும் தென்மாநிலக் கவுண்டிகள் ஏக்கருக்கு அதிகம் பெற்றன. மிகக் கூடுதலான ஏற்றுமதி நஷ்டம் நடந்ததோ ஐயோவா, இல்லினாய், கான்சஸ் மாநிலங்களில். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் பின்னாளில் இந்தக் கணக்கிடும் முறையை ஆராய்ந்து குறை சொன்னது. சீனாவுக்குப் போகாத சரக்கு வேறு நாட்டுக்குப் போனதைக் கழிக்காமல் மொத்த இழப்பையே நஷ்டமாகக் காட்டியது அந்தக் குறைகளில் ஒன்று.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் உதவி போதுமானதாகவே தெரியும். பதிலடி வரிகளால் 2018 நடுவிலிருந்து 2019 முடிவு வரை வேளாண் ஏற்றுமதி இழப்பு 2,700 கோடி டாலருக்கு மேல் என்று வேளாண் துறையின் ஆய்வுப் பிரிவே பின்னர் மதிப்பிட்டது. நேரடி உதவி 2,300 கோடி. சோயாவுக்குச் சராசரியாகப் பார்த்தால் விலை வீழ்ச்சியைவிட உதவித்தொகை கூடுதல் என்றுகூடப் பொருளாதார அறிஞர்கள் சிலர் காட்டினார்கள். ஆனால் சராசரி என்பது வடக்கு டகோட்டாவில் பிளாஸ்டிக் பையோடு நின்றவரையும் மிசிசிப்பி கரையில் விற்றுத் தீர்த்தவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. 2019இல் விவசாயிகளுக்கான தனிப் பிரிவில் 595 திவால் மனுக்கள் பதிவாயின. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இருபது சதவீதம் அதிகம். பால் விலையும் கடன் சுமையும் ஏற்கெனவே நெருக்கியிருந்தன என்பதால் எல்லாவற்றுக்கும் வணிகப் போர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். காசோலைகள் போய்க்கொண்டிருந்தபோதே இதுவும் நடந்தது.

யார் பெயரில் வந்தது?

ஏக்கருக்கு இவ்வளவு, புஷலுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அதிக ஏக்கர் உள்ளவருக்கு அதிகம் போவது இயல்பு. அரசுப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்த சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமைப்பு, முதல் சுற்றில் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினர் பாதிக்கு மேற்பட்ட பணத்தைப் பெற்றதாகச் சொன்னது. உச்சவரம்பு இருந்தது: 2018இல் ஒருவருக்கு 1,25,000 டாலர், 2019இல் 2,50,000. ஆனால் அது 'ஒருவருக்கு'. குடும்பக் கூட்டுப் பண்ணையில் அண்ணன், தம்பி, மகன், மகள் ஒவ்வொருவரும் ஒருவர். 2018இல் வந்த வேளாண் சட்டம் சித்தப்பா, அத்தை பிள்ளைகளையும் உடன்பிறந்தோர் பிள்ளைகளையும் அந்தக் குடும்ப வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. நம் ஊர் நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில் ஏக்கர்கள் எந்தெந்தப் பெயர்களில் பிரிந்து உட்கார்ந்தன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நிலம் யாருடையது என்ற கேள்வி. அமெரிக்க விவசாய நிலத்தில் பெரும் பங்கு குத்தகையில் நடக்கிறது. அங்கேயும் இரண்டு விதம். ஆண்டுக்கு இவ்வளவு பணம் என்று பேசிக்கொள்வது ஒன்று, விளைச்சலில் பங்கு பிரிப்பது மற்றொன்று. நாம் குத்தகை, வாரம் என்று சொல்வதேதான். பணக் குத்தகை என்றால் உதவித்தொகை உழுபவருக்கே. வாரம் என்றால் இருவருக்கும் பங்கு. இந்த விதி நியாயமானது, நம்முடையதைவிட மேல் என்றே சொல்வேன். காவிரி டெல்டாவில் வெள்ள நிவாரணம் வரும்போது வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதவர் கிராம நிர்வாக அலுவலரிடம் தன் பெயரில் அடங்கல் வாங்க எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது! பட்டா யார் பெயரிலோ பணமும் அவர் பெயரில். சேற்றில் நின்றவர் கை வெறுங்கை.

அமெரிக்க விதியும் முதல் ஆண்டு வரைக்கும்தான் உழுபவரைக் காக்கிறது. ஏக்கருக்கு உதவித்தொகை வருகிறது என்று தெரிந்ததும் அடுத்த குத்தகைப் பேச்சில் நில உரிமையாளர் அதையும் மனதில் வைத்துத்தான் பேசுவார். விலை விழுந்தும் குத்தகை விழாமல் நின்றதற்கு இந்தப் பணமும் ஒரு காரணம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு டிரம்ப் கொடுத்த விளக்கம், சீனா கட்டும் வரியிலிருந்து என்பது. வரியைத் துறைமுகத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அது ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க நிறுவனங்கள் மீதும் நுகர்வோர் மீதும்தான் விழுந்தது என்று 2019இல் வந்த ஆய்வுகள் காட்டின. சீனப் பொருட்கள் மீது வசூலான வரியில் 92 சதவீதம் விவசாயி உதவிக்கே சரியாகப் போய்விட்டதாக நியூயார்க்கின் வெளியுறவுக் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. ஆக, சீனப் பொருள் வாங்கிய அமெரிக்கக் குடும்பம் கூடுதலாகக் கொடுத்த பணம் சோயா வயலுக்குப் போயிற்று.

விவசாயிகளைத் தேசபக்தர்கள் என்று டிரம்ப் புகழ்ந்தார். அவர்களில் பலர் அவரை விட்டு விலகவும் இல்லை. ஆனால் விவசாய அமைப்புகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தன: எங்களுக்கு உதவி வேண்டாம், வியாபாரம் வேண்டும். மூன்று தலைமுறையாகத் தங்கள் விளைச்சலை விற்று வாழ்ந்தவர்கள் அஞ்சல் பெட்டியில் வரும் காசோலையை எதிர்பார்த்து உட்காருவதில் இருக்கும் கூச்சம் அந்தச் சொல்லில் கேட்கிறது.

பிரேசில் எங்கிருந்து வந்தது

அமெரிக்கா விட்ட இடத்தைப் பிரேசில் பிடித்தது. 2024இல் சீனா இறக்குமதி செய்த 10.5 கோடி டன் சோயாவில் ஏழு கோடி டன்னுக்கு மேல் பிரேசிலுடையது. அமெரிக்காவுடையது 2.2 கோடி டன்தான்.

பிரேசில் சோயா நாடானதற்கு வித்திட்டதில் அமெரிக்காவுக்கே பங்குண்டு. 1973 ஜூனில் உள்நாட்டு விலையேற்றத்தைக் கட்டுப்படுத்த நிக்சன் அரசு சோயா ஏற்றுமதியைத் திடீரென்று தடுத்தது. தடை சில மாதம்கூட நீடிக்கவில்லை. ஆனால் டோஃபுவுக்கும் மிசோவுக்கும் அமெரிக்க சோயாவையே நம்பியிருந்த ஜப்பான் ஆடிப்போனது. ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று முடிவு செய்தது. 1970களின் இறுதியில் பிரேசிலோடு சேர்ந்து 'செராடோ' என்ற பரந்த புல்வெளிக் காட்டு நிலத்தை விளைநிலமாக்கும் திட்டத்தில் பணம் போட்டது. புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டு, வெப்பப் பகுதிக்கு ஏற்ற சோயா ரகங்களைப் பிரேசில் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பின் அமெரிக்க விவசாயியின் மிகப்பெரிய போட்டியாளர் அந்த மண்ணில்தான் நிற்கிறார். அந்தக் காட்டு நிலம் போனதன் இழப்பு தனிக் கதை, அதுவும் சிறிதல்ல.

1980 ஜனவரியிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததற்காக கார்ட்டர் அரசு 1.7 கோடி டன் தானிய ஏற்றுமதியை நிறுத்தியது. சோவியத் ஒன்றியம் அர்ஜென்டினாவிடம் வாங்கிக்கொண்டது. அப்போதும் அதே கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன்தான் தேங்கிய சரக்கை ஏற்று விலையைத் தாங்க முயன்றது. ரேகன் மறு ஆண்டு தடையை நீக்கினார். வாங்குபவர் ஒருமுறை வேறு வாசலைத் தட்டப் பழகிவிட்டால் பழைய வாசலுக்கு முழுசாகத் திரும்புவதில்லை.

2020 ஜனவரி 15 அன்று 'முதல் கட்ட ஒப்பந்தம்' கையெழுத்தானது. இரண்டு ஆண்டுகளில் 2017 அளவைவிட 3,200 கோடி டாலர் கூடுதலாக வேளாண் பொருட்கள் வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் அழிந்த பன்றிப் பண்ணைகளை மீண்டும் எழுப்ப அதற்குத் தீவனமும் தேவைப்பட்டது. வேளாண்மையில் உறுதியளித்ததில் ஏறத்தாழ 83 சதவீதம் வாங்கியது. மற்றத் துறைகளோடு ஒப்பிட்டால் அது நல்ல எண்தான். ஆனால் சந்தையில் அமெரிக்காவின் பங்கு பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை.

மீண்டும் 2025

இரண்டாம் முறை டிரம்ப் வந்ததும் சண்டை இன்னும் வேகமாக மூண்டது. மார்ச்சில் அமெரிக்க சோயாவுக்கு 10 சதவீதம், சோளம், கோதுமை, பருத்திக்கு 15 சதவீதம் என்று சீனா போட்டது. ஏப்ரலில் இரு பக்கமும் மூன்று இலக்க சதவீதத்துக்குப் போயின. செப்டம்பரில், அமெரிக்காவில் புது அறுவடை தொடங்கிய மாதத்தில், சீனாவின் அமெரிக்க சோயா இறக்குமதி பூஜ்யம். அதே மாதம் அமெரிக்கா அர்ஜென்டினாவுக்கு 2,000 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி அறிவித்தது. அதே வாரத்தில் அர்ஜென்டினா ஏற்றுமதி வரியைச் சில நாட்கள் நீக்க, சீன வியாபாரிகள் அங்கே கப்பல் கப்பலாக சோயா வாங்கிக் குவித்தார்கள். அமெரிக்க விவசாயிகளின் கோபம் வெளிப்படையாக வெடித்தது இப்போதுதான்.

அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். 2025 முடிவுக்குள் 1.2 கோடி டன்னும் அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 2.5 கோடி டன்னும் சீனா வாங்கும் என்று வெள்ளை மாளிகை சொன்னது. அந்த 2.5 கோடி டன் ஒன்றும் புதிய உயரம் அல்ல, சண்டைக்கு முன்பு சாதாரணமாக விற்ற அளவுதான்.

டிசம்பர் 8 அன்று மறுபடியும் 1,200 கோடி டாலர். அதில் 1,100 கோடி தானியம், எண்ணெய் வித்து, பருத்தி போன்ற பயிர்களுக்கு. இம்முறை அறுந்துபோன ஏற்றுமதியை அளக்கவில்லை. சாகுபடிச் செலவுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார்கள். அதனால் வரிசையே தலைகீழானது: ஏக்கருக்கு நெல்லுக்கு 132.89 டாலர், பருத்திக்கு 117.35, சோளத்துக்கு 44.36, சோயாவுக்கு 30.88. சண்டையில் முதல் அடி வாங்கிய பயிருக்கு இந்த நான்கில் மிகக் குறைந்த தொகை. ஒரு ஏக்கர் சோயா விதைச் செலவுக்கே அது எட்டாது. உதவியை அறிவித்த டிசம்பர் 8 கூட்டத்தில் லூசியானாவின் அரிசி ஆலை நடத்துபவர் ஒருவர் இந்திய அரிசி குறைந்த விலையில் வந்து குவிகிறது என்று முறையிட, அதற்கும் வரி போடலாம் என்ற பேச்சு எழுந்தது. காயத்துக்கு மருந்து கொடுக்க அழைத்த கூட்டத்திலேயே அடுத்த சண்டைக்கான பேச்சும் தொடங்கிவிட்டது.

நம் பக்கம்

2018 மே மாதம், இந்தியா நெல்லுக்கும் கோதுமைக்கும் தரும் குறைந்தபட்ச ஆதரவு விலை உலக வணிக அமைப்பின் வரம்பை மீறுகிறது என்று அமெரிக்கா அங்கே எதிர்க்கணக்குத் தாக்கல் செய்தது. அதன்பின் இரண்டே மாதத்தில் தன் விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் அறிவித்தது. தன் விவசாயியைக் காப்பது எந்த அரசுக்கும் உரிமைதான். அந்த உரிமையை மற்றவர்களுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி வந்தபோது அடி வாங்கியவர்கள் திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் மட்டுமில்லை. ஆந்திரக் கடலோரத்திலும் நாகைப் பக்கத்திலும் இறால் குட்டை வைத்திருப்பவர்களும்தான். இந்திய இறாலின் மிகப்பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. குட்டையிலிருந்து இறாலைப் பிடித்து, கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று 'கவுண்ட்' பார்த்து விலை போடும் வியாபாரி, வரியைச் சொல்லி விலையைக் குறைத்தால் வளர்த்தவர் பேரம் பேச முடியாது. முற்றிய இறாலைக் குட்டையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தீவனம் போடுவது? நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கும் 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதத்துக்கும் ஒப்புதல் தந்தது. இரண்டும் ஏற்றுமதியாளரை நோக்கியவை. குட்டைக்காரரின் பெயர் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை.

பருத்தியில் இன்னும் நேரடியாகவே பட்டது. நூற்பாலைகளுக்கும் ஆடைத் தொழிலுக்கும் கைகொடுக்க, பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு நீக்கி, பின்பு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆலைகளுக்கு அது தேவைதான். பஞ்சு விலை கட்டுப்படியாகாமல் தறி நின்றால் கோவை, திருப்பூர், ஈரோடு தாங்காது. ஆனால் அந்த மாதங்கள்தான் நம் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்கள். ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 முதல் 8,110 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தும், கொள்முதல் நிலையம் பக்கத்தில் இல்லாத விவசாயிக்கு அந்த விலை காகிதத்தில் மட்டும்தான். உள்ளே வந்த பஞ்சில் அமெரிக்கப் பஞ்சும் உண்டு. அதை விளைவித்தவர்தான் ஏக்கருக்கு 117 டாலர் உதவி பெறும் டெக்சாஸ் விவசாயி. விதர்பாவிலோ பெரம்பலூரிலோ மானாவாரிப் பருத்தி போட்டவர் போட்டியிடுவது அவரோடு.

அமெரிக்க வேளாண் துறை தன் புதிய உதவித்தொகையை 2026 பிப்ரவரி 28க்குள் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொன்னது. பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் சோயா அறுவடை ஜனவரியிலேயே தொடங்கிவிடும். காசோலை ஐயோவா போய்ச் சேரும் வாரத்தில் சாந்தோஸ் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் லாரிகள் வரிசையில் நிற்கும், சீனா போகும் சரக்கோடு.